சித்தி செருகி வைத்த வெள்ளைவால் இறகு

தோட்டத் தொழிலாளர் லயத்தில், சித்தியின் அறையில் விளக்கு மாடத்துக்கு மேலே ஓர் இறகு செருகியிருக்கும். வெள்ளை நாடா போல, சாணுக்கு மேல் நீளம். கொக்கோ மரத்தடியில் அவள் கண்டெடுத்தது. அந்தக் குருவியை நாங்கள் வெள்ளைவால் என்போம். கறுத்த தலையில் கொண்டை, கண்ணைச் சுற்றி நீலம். கிளையிலிருந்து பாய்ந்து காற்றிலேயே ஈயைப் பிடித்துத் திரும்பும்போது வால் பின்னால் நெளிந்து வரும். ஐப்பசி மழையோடு வந்து பங்குனியில் போய்விடும். அதே கொண்டையோடு, குட்டை வாலும் செவலை நிறமுமாக இன்னொன்று ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். அது வெள்ளைவாலின் பெண்டாட்டி என்றுதான் எல்லாரும் நம்பினோம்.

சித்தப்பா தன் தாயைப் பார்த்துவர அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போனதும் ஒரு பங்குனியில்தான். “ரெண்டு புருசனும் ஒண்ணா கப்பலேறிட்டாங்க, பொண்டாட்டிங்கதான் கொக்கோக் காட்டுல” என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். சித்தி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசியில் வெள்ளைவால் வந்தது. அடுத்த ஐப்பசியிலும் வந்தது. சித்தப்பாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கொக்கோ விதை காயவைக்கும் கொட்டகையில் வேலை செய்த ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், அம்மாவிடம் வந்து சித்தியைப் பெண் கேட்டார். “செவலையே காத்துக்கிட்டு கெடக்கு, எனக்கென்னக்கா?” என்று சித்தி மறுத்துவிட்டாள்.

அதற்கடுத்த ஆனியில் நானும் அவளும் கொக்கோக் காய் பறித்துக்கொண்டிருந்தோம். தாழ்ந்த கவட்டையில், சிலந்தி நூல் சுற்றிய சிறு கிண்ணம் போல ஒரு கூடு. அதில் ஒரு செவலை அடைகாத்திருந்தது. அதன் வால் கூட்டுக்கு வெளியே நீளமாகத் தொங்கியது, அதுவும் செவலையாகவே. குட்டைவால் பறந்து வந்ததும் நீளவால் எழுந்து இடம் விட்டது. இது உட்கார்ந்துகொண்டது. சித்தி கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இவளுக்கு இங்கயே ஆளு இருக்கான் பாரு. அந்த வெள்ளையன் யாரோ.”

பிறகு கத்தியை எடுத்துக் காய் பறித்தாள். அன்று மாலை அம்மாவிடம், கொட்டகைக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிடச் சொன்னாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் வைகாசியிலேயே ரத்தோட்டைப் பக்கம் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். சித்தி தலையை ஆட்டினாள். இறகை அவள் எடுக்கவில்லை. விளக்குப் புகையில் அது ஆண்டுக்காண்டு மஞ்சளாகி, அவள் இறந்த வருடம் மண்ணெண்ணெய்க் கறுப்பாகியிருந்தது.

இப்போது மாத்தளை டவுனில் இருக்கிறேன். நேற்று கொல்லைப் பலாமரத்தில் ஒரு வெள்ளைவால் வந்து உட்கார்ந்தது. அழுக்குப்படாத வெள்ளை.

“இதோட சோடி எங்கங்க மாமி?” என்று மருமகள் கேட்டாள்.

“இந்த ஊர்ல இல்லம்மா” என்றேன்.