ஒரு முறம் தவிடு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்வரை என் பெயரைப் போல என்னைப் படுத்தியது வேறொன்றும் இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. பாப்பாரப்பட்டியில் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர், அவரவர் பெயருக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் நூருன்னிசா எழுந்து, தன் பெயர் அரபிச் சொல் என்றும், பெண்களின் ஒளி என்று பொருள் என்றும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வீட்டில் கன்னடம் பேசும் புட்டம்மா தன் பெயருக்குச் 'சின்னவள்' என்று அர்த்தம் சொன்னாள். வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான் என்பதால் எல்லோரும் சிரித்தோம். என் முறை வந்தபோது எழுந்து பெயரை மட்டும் சொன்னேன். குப்பம்மாள் என்பதற்கு யாரும் வீட்டில் போய் அர்த்தம் கேட்கவேண்டியதில்லை. பின்வரிசையில் ஒருவன் மூக்கைப் பிடித்துக் காட்டினான்.

டீச்சர் நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டு, "ஹைஸ்கூலுக்குப் போறப்ப சர்டிபிகேட்ல வேற பேரா எழுதிடலாம். வீட்டுல யாரையாவது வரச் சொல்லு" என்றார். சுசீலா என்று நானே முடிவுசெய்து நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன்.

அப்பா வருவார் என்று நினைத்திருந்தேன். அம்மா வந்தாள். கடலைக்காட்டில் களையெடுத்த கையோடு, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றாள்.

"பேரை மாத்த வேணாங்க டீச்சர். இவளுக்கு முன்னால மூணு பொறந்துதுங்க. ராஜேஸ்வரி, மரகதம், செல்வின்னு ஆச ஆசையா வெச்சேன். ஒண்ணுகூட ஒரு வருசம் தாண்டலைங்க. இவ பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். இந்த நூருன்னிசாவோட அம்மாதான் எடுத்துக்கிட்டாங்க. அவுங்களுக்கு ஒரு மொறம் தவிடு குடுத்துட்டு வாங்கியாந்தேன். குப்பையில கெடந்ததுன்னு எமன் தொடலைங்க. அந்தப் பேராலதான் இவ உசுரோட நிக்கறா."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதே பேரு இருக்கட்டுங்கம்மா" என்றார்.

"எங்கத்தா பேரு பிச்சைங்க டீச்சர், அதுவும் இப்படித்தான்!" என்று தன் அப்பாவைச் சொல்லிக் கத்தினாள் நூருன்னிசா. "அப்ப இவ எங்க வூட்டுப் புள்ள!"

மூக்கைப் பிடித்தவன் என்னருகே நகர்ந்து வந்து, "நெசமாவே எமன் வந்தானா?" என்று கிசுகிசுத்தான். வந்ததாகச் சொன்னேன். முறத்தில் தவிடு கோபுரமாகக் குவிந்திருந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். பெண்களின் ஒளிக்குக்கூட அன்று அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மணி அடித்ததும் அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். ஊரே என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அம்மா வகுப்பில் சொன்ன பெயர்களை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"ராஜேஸ்வரிதாம்மா ரொம்ப நல்லா இருக்குது," என்றேன். "இன்னொரு பாப்பா பொறந்தா அதையே வெக்கலாமா?"

அம்மா நின்றுவிட்டாள். அவிழாத கொண்டையை அவிழ்த்து, சாலைக்கு முதுகைக் காட்டி நின்று, வெகுநேரம் முடிந்தாள். வெயிலில் அவளுக்கு அசதி என்று நினைத்து, அவள் கீழே வைத்திருந்த களைக்கொத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி முன்னால் நடந்தேன்.