தணிகாசலம் சாரின் நெஞ்சுப் பட்டை

"தணிகாசலம் சார் போயிட்டாருங்க பாய்" என்று அவரிடம் தீயணைப்பு வீரராக இருந்த கோவிந்தன் தொலைபேசியில் சொன்னபோது என் கையில் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். நெருப்புக்குள் போய் வந்த மனிதருக்குப் படுக்கையில் முடிவு வந்ததே என்று ஆறுதல்தான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம் வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்தவர். எனக்குத் தேரடி வீதியில் டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கக் கொண்டு வந்தவர், நாற்காலியில் உட்காராமலே கேட்டார்.

"ஏன் பாய், ஒருத்தன் நெஞ்சு எவ்ளோ ஜாஸ்தியா அடிக்குதுன்னு தெரிஞ்சிக்க, உடம்புல கட்டிக்கிற மாதிரி ஏதாவது மிஷின் பண்ண முடியுமா?"

அவருடன் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர், வேறோர் ஊரில் தீயை அணைத்துவிட்டு வெளியே வந்து, தண்ணீர் குடிக்கும்போதே சரிந்து இறந்திருந்தார். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. கனமான உடையும் வெக்கையும் ஓட்டமும் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிட்டன. "புகையில மாட்னவன நான் இழுத்துட்டு வந்துடுவேன். உள்ளுக்குள்ள சாவறவன எப்டி பாய் கண்டுபுடிக்கிறது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ரேடியோவும் டி.வி.யும் சலித்துப்போயிருந்த நேரம் அது. தையற்கடையில் வாங்கிய எலாஸ்டிக்கில் இரண்டு உலோகத் தகடுகளைத் தைத்தேன். இதயம் துடிக்கும்போது தோலில் எழும் மிகச் சிறிய மின்சாரத்தை அவை பிடிக்கும். சோப்பு டப்பாவுக்குள் நான் அடைத்த சர்க்யூட் அதைப் பெருக்கி எண்ணும். துடிப்பு அளவு மீறினால் டப்பா கத்தும். யாருக்கு எது அளவு என்பதை சாருக்குத் தெரிந்த டாக்டர் வயதைப் பார்த்துச் சொன்னார். முதலில் என் நெஞ்சில் கட்டிக்கொண்டு கடை வாசலில் குதி குதியென்று குதித்தேன். அது கத்தியதும் சார் கைதட்டிச் சிரித்தார். எதிர்க்கடைப் பூக்கார அம்மா, பாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்தே வந்துவிட்டார்.

அதேபோல் இன்னும் சில பட்டைகள் செய்தேன். அடுத்த வாரம் பயிற்சி மைதானத்தில் என் மானம் போயிற்று. கட்டியவர்களில் பாதிப் பேருக்கு இதயத் துடிப்பே காட்டவில்லை. நிலையத்திலேயே பலசாலியான கோவிந்தன், ஏணி மேலிருந்து, "நான் செத்துட்டேனா பாய்?" என்று கேட்டார். காரணம் எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. பணிக்கு வருமுன் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு நெஞ்சு முழுக்கத் திருநீறு பூசிக்கொள்வது அவர்களில் பலருக்கு வழக்கம். அது தோலைக் காய வைத்து, தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே நின்றுவிட்டது. இதைப் போய் நான் சொல்வதா? நான் விழிப்பதைப் பார்த்தே சார் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"நெத்தியில, தோள்ல, எங்க வேணா பூசிக்கோங்கப்பா. பட்டை கட்ற எடத்த மட்டும் நம்ம பாய்க்கு உடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஈரத்துணியால் துடைத்துக் கட்டியதும் டப்பாக்கள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கின. அன்று நான் சைக்கிளை மைதானத்திலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனேன், அவ்வளவு சந்தோஷம்.

மிஷின் சரியாகிவிட்டது, ஆட்கள்தான் வழிக்கு வரவில்லை. டப்பா கத்தினால் யாராக இருந்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று சார் விதி வைத்தார். அப்படி வந்தவரை மற்றவர்கள் கோழிக்குஞ்சு என்று ஓட்டினார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து கோவிந்தன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தீக்குள் போவார். சாரும் திட்டிப் பார்த்தார், பலனில்லை.

ஒரு சித்திரையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் தீப்பிடித்தது. என் டப்பாக்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆசையில் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பிண்ணாக்கு மூட்டைகள் எரிந்த வெக்கை சாலைவரை அடித்தது. சார் முன்னால் நின்று குழாயைப் பிடித்திருந்தார். ஒரு டப்பா கத்தியது. அது சாருடையது.

அவர் வயதில் டப்பா கத்தினால் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். இதயம் சரியில்லை என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் தீயருகே போகும் வேலை அவருக்கு அன்றோடு முடிந்தது. அந்த வேலைதான் அவருக்கு உயிர். மிஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானே ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். அவர் கோவிந்தனைக் கூப்பிட்டார்.

"எனக்கு முடியலப்பா. நீ புடி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கோவிந்தன் பையிலிருந்து பேட்டரியை எடுத்து டப்பாவில் மாட்டிக்கொண்டு, பிறகுதான் குழாயை வாங்கினார். சார் நடந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "மிஷின் நல்லா வேல செய்யுது பாய்" என்றார். அந்த மனிதரை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

மருத்துவமனையில் இதயத்தில் அடைப்பு என்றார்கள். களப்பணி போய், பயிற்சி கொடுக்கும் வேலை வந்தது. கொஞ்ச நாள் வாடித்தான் கிடந்தார். பிறகு வாரம் தவறாமல் என் கடைக்குப் புது யோசனையோடு வந்து நின்றார். உடம்புச் சூட்டையும் சேர்த்து அளக்க வேண்டும், வெளியே நிற்பவருக்கு வயர்லெஸ்ஸில் சேதி போக வேண்டும் என்று என்னை உட்கார விடமாட்டார். வெளிநாட்டில் இப்படிப்பட்ட கருவிகளைச் சட்டைத் துணியிலேயே நெய்கிறார்கள் என்று சில மாதங்களுக்கு முன் செய்தித்தாளில் படித்துவிட்டு, ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் ஓடியே வந்தார். "பாத்தீங்களா பாய், நம்ம சோப்பு டப்பா சட்டையா ஆயிடுச்சு" என்றார். இருவரும் டீ ஆறுவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று அவரைக் கொண்டுபோனோம். நல்ல வெயில். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் கோவிந்தன், இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. சுடுகாட்டுக்குப் பாதி வழியில் அவர் நின்றார்.

"மூச்சு வாங்குதுங்க. யாராவது மாத்திக்கோங்க" என்று உரக்கச் சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்த வீரர்களில் ஒருவர் முன்னே வந்து தன் தோளைக் கொடுத்தார். கோவிந்தன் ஓரமாக நின்று மூச்சு வாங்கிவிட்டு, எங்களோடு நடந்து வந்தார்.

நிதானமாகப் போய் வாருங்கள், சார்.