பாரீசுக்கு நாற்பத்தெட்டு அரிசி

உப்பளத்திலிருந்து தவளக்குப்பம் வரைக்கும்தான் எனக்குத் தூரம் தெரியும். நான் தள்ளியது புஸ்புஸ் வண்டி. ஆள் முன்னால் உட்காருவார், நான் பின்னால் நின்று தள்ளுவேன். அதனால் உலகத்தை நான் பார்த்ததெல்லாம் அடுத்தவர் மண்டைக்குப் பின்னாலிருந்துதான். பள்ளிக்கூடத்தையும் பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்து. நல்ல கட்டடம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த தங்கச்சி வீட்டுக்காரர், அவளைப் பாரீசுக்கு வரச்சொல்லி பிளேன் டிக்கெட் அனுப்பியிருந்தார். மீனம்பாக்கத்தில் ஏறவேண்டும். அப்பா இல்லாத வீடு. அவளை அனுப்புவதும் நிறுத்துவதும் என் கையில். தாய்மாமன் குறுக்கே நின்றார்.

"எவ்ளோ தூரம்னு தெரியுமாடா ஒனக்கு? கட்டவெரல நீட்டி மைய தடவறவன் நீ. அவ்ளோ தூரம் போறவ, ஆத்தா செத்தாகூட வரமாட்டா. அனுப்பறதுன்னா தல முழுவிட்டு அனுப்பு."

தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கினு வரேன் மாமா" என்றேன்.

நான் தினமும் கோர்ட்டுக்குத் தள்ளிப்போகும் வக்கீல் வீட்டில் ஒரு பூமி உருண்டை இருந்தது. புதுச்சேரி, மெட்ராஸ், பாரீஸ் மூன்றையும் காட்டிவிட்டு அவர் சாப்பிடப் போனார். அடுப்படியில் ஒரு பிடி சம்பா அரிசி கேட்டு வாங்கினேன். புதுச்சேரிக்கும் மெட்ராசுக்கும் நடுவில் ஒரு அரிசி கச்சிதமாகப் படுத்தது. அவர் வீட்டுக் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு, மெட்ராசிலிருந்து வரிசையாக ஒட்டினேன். சிலோனைச் சுற்றி, செங்கடலில் நுழைந்து, சூயஸ் வழியாக. அறுபத்தொன்பது.

வக்கீல் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது? பூமிக்கு சோறு ஊட்றியா?"

"பாரீசுக்கு வழி, முசியே."

"இது கப்பல் போற வழிய்யா! பிளேனுக்கு எதுக்குய்யா கடலு?"

எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குப் போனவனெல்லாம் கப்பலில்தானே போனான்? ஆகாயத்துக்கும் அதே பாதை என்று நினைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சுரண்டி, அரபு தேசத்தின் தலைமேல் நேராக ஒட்டினேன். நாற்பத்தெட்டு. இருபத்தோரு அரிசி மிச்சம். அன்றைக்கு என்னைவிடப் பெரிய படிப்பாளி புதுச்சேரியில் இல்லை.

"நாப்பத்தெட்டு மெட்ராஸ், மாமா. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? நீ போயிடுவியா?"

"தவளக்குப்பத்துக்கு வண்டி தள்ளினேனே, அத்தினி தபாவயும் நீட்டி வெச்சிப் பாரு. எப்பவோ பாரீஸுக்குப் போயி திரும்பியாச்சி. எவனும் அங்க நிறுத்தச் சொல்லல, அதான் நிறுத்தல. அவ போவா. தலையா முழுவணும்? அவ போற அன்னிக்கி நான் குளிக்கக்கூட மாட்டேன்."

குளிக்கவில்லை. காலையில் அவளையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றி ரயிலடிக்குத் தள்ளினேன். மாமா வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். பாதி வழியில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, பின்மண்டைதான் தெரியும்.

"ஏய், எண்ணி வெச்சிருக்கேன்" என்றேன். "போவசொல்லோ நாப்பத்தெட்டு. வரசொல்லோவும் அதே நாப்பத்தெட்டுதான். ஒண்ணுகூட ஏறாது."