கறை தின்னும் தூள்

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். ராத்தாவின், அதாவது என் அக்காவின், வீட்டுக்கு அத்திவாரம் போட்டதோடு வாப்பாவின் கை ஓய்ந்துவிட்டது. மீதியைக் கட்டி முடிக்கத்தான் சவர்க்காரத் தூள் எங்கள் கல்முனை வீட்டுக்குள் சாக்குச் சாக்காக வந்திறங்கியது.

நொதியம் சேர்த்த தூள் என்று வாப்பா பெருமையடிப்பார். கறையைத் தின்றுவிடுமாம். எனக்கு எட்டு வயது. சாக்குக்குள் பல் உள்ள ஏதோ இருக்கிறது என்று நம்பி, கையை உள்ளே விடாமல் தகரப் பேணியால் அள்ளிக் கொடுப்பேன். ராத்தா அதைக் கடைகளுக்கு விற்கச் சின்னப் பைகளில் நிரப்பி, மெழுகுதிரிச் சுடரில் பைகளின் வாயை ஒட்டுவாள். காலையில் உட்கார்ந்தால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் எழும்புவாள்.

ஒரு மாதத்துக்குள் அவளுக்கு இருமல் பிடித்தது. பிறகு இளைப்பு. அப்போது கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு உம்மா யன்னல்களை இறுக்கிச் சாத்தினார். மின்விசிறியும் நின்றது. தூள் பறக்காமல் இருக்க அதுவும் வசதியாகப் போயிற்று. பூட்டிய அறையில் வெள்ளைப் புழுதி எங்கள் கண்ணிமைகளில்கூடப் படிந்தது.

“கொஞ்சம் தொறந்து உடு புள்ள, மூச்சு முட்டுது” என்று ராத்தா ஒருநாள் கேட்டாள். உம்மா ஏசுவார் என்ற பயத்தில் நான் திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் பை கட்டுவதில்லை. அன்று மட்டும் அவள் நன்றாக மூச்சு விட்டாள். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை வாங்கி வந்தவள் நான் என்பதால் அந்தப் பெயரை நானே எடுத்துக்கொண்டேன்.

இளைப்பு முற்றியதும், மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கு எட்டாதபடி, அவளை அக்கரைப்பற்றில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மகள் என்ன வேலை செய்கிறாள் என்று அவர் கேட்டார்.

“ஒரு வேலையும் இல்ல டொக்டர். ஊட்டதான் இரிக்கா” என்றார் வாப்பா.

ராத்தாவும் ஓமென்று தலையசைத்தாள். டொக்டர் மருந்து எழுதினார். மறுநாள் அவள் மறுபடியும் சாக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

கலியாணம் நடந்தது. வீடும் எழும்பியது. அந்த இளைப்பு, தொய்வு என்ற ஆஸ்துமாவாகி, அவளோடு அந்த வீட்டுக்குள் குடிபோய், இன்றுவரை கிளம்பவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தபோதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: நீரில் கரைத்துத் துணி துவைப்பவருக்கு அந்த நொதியம் பெரிதாக ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க அதைத் தூசியாக இழுப்பவரின் நெஞ்சைத்தான் கெடுக்கும்.

வாப்பா மீது கோபப்பட எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. மனிதர் பொய் சொல்லவில்லை. அன்று பக்கத்தில் நின்ற என்னை டொக்டர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ராத்தா செய்தது வேலை என்று எனக்கும் தெரியாது.