வயிற்றுக்குள் விரிந்த கம்பி வலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறத்தியார் பட்டறையில் களிமண் மிதித்து, பிறகு விருத்தாசலத்திலேயே சொந்தச் சூளை போட்டு, பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை மூன்று மாநிலத்துக்கு அனுப்பியவன். ஒரு கட்டையைத் தட்டினால் வரும் சத்தத்திலேயே உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் போனது இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

இடது கால் வீங்கியபோது யானைக்கால் என்று தெருவே முடிவு கட்டியது. நானும்தான். வேட்டியைத் தழையவிட்டு மறைத்தேன். கணுக்காலுக்கு மேலே புண் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த பிறகு என் மனைவி பாண்டிச்சேரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, யானைக்கால் இல்லிங்க. கோளாறு காலுலயே இல்ல. அடிவயித்துல, கால் ரத்தம் மேல ஏறுற பெரிய குழாய் அடைச்சிருக்குது. ஸ்டென்ட்டுன்னு ஒரு கம்பி வலைய உள்ள வெச்சு விரிய வுடணும். இல்லன்னா புண்ணு ஆறாது. போகப் போக நடக்கறதே கஷ்டமாயிடும்."

விரியும் என்றாரே, அந்தச் சொல்தான் என்னை மிரட்டியது. பச்சை மண்ணுக்குள் ஓர் ஆணித் துண்டு கிடந்தாலும் எங்கள் சாமான் தொலைந்தது. சூட்டில் மண் சுருங்கும், இரும்பு விரியும், பிளந்துவிடும். இதைப் போய் அவருக்கு நான் பாடம் எடுக்கவா? "வேணாங்க" என்று எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் வேண்டாமென்றேன் என்பதைப் பக்கத்துச் சீட்டிலிருந்த மனைவியிடம் சொன்னேன். எங்கள் பட்டறையில் கட்டைக்குப் பித்தளைத் தகடு மாட்டும் வேலையை இருபது வருஷம் பார்த்தவள் அவள்.

"ஏங்க, தகட்ட நாம எப்ப மாட்டுறோம்?"

"சுட்டெடுத்த பொறவு."

"ஒடைஞ்சிருக்குதா?"

"இல்ல."

"அப்ப எழுவது வருஷமா வெந்தும் நீங்க இன்னும் பச்ச மண்ணாவே இருக்கீங்களா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வாரமே திரும்பிப் போனோம்.

தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் முழித்துத்தான் கிடந்தேன். "அடைப்ப பலூனால அகலப்படுத்தியாச்சுங்க. இப்ப வலை. ஒடம்பு சூட்டுல அதுவே விரிஞ்சுக்கும்" என்றார் டாக்டர்.

எதற்குப் பயந்து ஓடினேனோ, அதையேதான் அவர் எனக்குள் செய்துகொண்டிருந்தார்.

"எதுவரைக்கும் விரியும்?"

"குழாய் அளவுக்குத்தான் செஞ்சிருக்குது. மேல போவாது. அசையாதீங்க."

பக்கத்துத் திரையில் நூல்போலத் தெரிந்த வலை, மெல்ல விரிந்து நின்றது. ரத்தம் போகும் வழியைத் திரையில் காட்டும் மருந்தைச் செலுத்தினார். பலூன் போடுவதற்கு முன்னால் அது சிறு சிறு குழாய்களில் சிதறிச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது கோடு போட்டாற்போல் நேராக மேலே ஏறியது. பிளந்துவிடும் என்று நான் பயந்து ஓடிய இடம் அது.

வீக்கம் சில நாளில் வடிந்தது. புண் அவசரப்படவில்லை. தினமும் கட்டு மாற்றிய மனைவி, ஒருநாள் துணியை அவிழ்த்துவிட்டுப் புதுத் துணியை எடுக்காமல் இருந்தாள்.

"என்னா?" என்றேன்.

"மூடிக்கிச்சுங்க."

நம்பாமல் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். கைக்குழந்தையின் தோல்போல மெல்லிசாக, அங்கே புதுத் தோல் இருந்தது.