நான் அடிக்காத வரி

பேராசிரியை இசக்கியம்மாள் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. பேட்டையில் நான் டைப் அடிக்கும் பேனர் கடைக்கு அவருடைய அண்ணன் வந்து, ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தார். கண்ணீர் அஞ்சலி பேனர், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். போட்டோவை எடுத்துப் பார்த்தேன். இசக்கி மேடம். முந்தின வாரம்தான் இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் அடித்த கூட்ட அழைப்பிதழைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அழக்கூட நேரமில்லை. அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன். முனைவர் பட்டம், கல்லூரியின் பெயர், கீழே குடும்பத்தார் படங்கள். மேடத்தின் படத்தைவிட அண்ணனின் படம் பெரிது. கடைசியாக ஒரு வரி சொன்னார்: "தங்கையைப் படிக்க வைத்து, பேராசிரியையாக்கி அழகு பார்த்த அண்ணன்." என் கை நின்றுவிட்டது.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய மாணவிகள். அவருடைய பணி நிறைவு விழாவில் இருந்திருப்பீர்கள். அண்ணனின் தியாகத்தைப் பற்றி யாரோ பேசி முடித்ததும் மேடம் மைக்கை வாங்கி, "எங்க அண்ணன் முன் வரிசையிலதான் இருக்காரு. அஞ்சாப்போட என்னைய நிப்பாட்டுனவரு. சாப்பாடு ரெடி, சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாராம். அரங்கமே சிரித்தது என்று சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் மீதியை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கரண்ட் போன ஒரு மத்தியானம், கடைக்குள் விசிறிக்கொண்டே சொன்னார். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சொன்னதுதான் சட்டம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பீடித் தட்டை மடியில் வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து, தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம் என்று பழைய புத்தகங்களை வாங்கி, தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தார். அண்ணன் அதைக் கண்டுபிடித்து, வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"அந்தத் தண்ணியிலதான் அன்னைக்கு எல்லாரும் குளிச்சோம். நானும்தான் குளிச்சேன்" என்றார் மேடம். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வேற புத்தகம் வாங்குனேன்" என்றார்.

பத்தும் பன்னிரண்டும் அப்படியே எழுதினார். கூட்டாளிகள் எல்லாம் பிள்ளை குட்டிகளோடு இருந்த வயதில் கல்லூரிக்குள் நுழைந்தார். முதல் நாள் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அவரை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவளுவ நெனச்சது சரியாப் போகணும்னு" என்றார். படிப்புக்கு ஆன செலவெல்லாம் அவர் சுற்றிய பீடியிலிருந்து வந்தது. அண்ணனிடமிருந்து ஒரு பேனாகூட வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கேட்கிறவர்களிடம், எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. மேடத்திடமும் அதையே சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பொய் சொல்லுத. ஒன்னைய நிப்பாட்டுனது யாருன்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகு. வெக்கப்பட வேண்டியது நீயில்ல."

பத்தாம் வகுப்பு எழுதச் சொன்னார். பரீட்சை ஹாலை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "பயமாத்தான் இருக்கும். பயத்தோட போ" என்றார்.

மேசைக்கு எதிரே மேடத்தின் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். "ஏ பிள்ள, என்ன முழிச்சிக்கிட்டு இருக்க? அடி" என்றார் முதலாளி. கடையில் நான் வாய் திறப்பதே அபூர்வம்.

"அந்த வரிய அடிக்க மாட்டேன்."

"என்னட்டி சொல்லுத?" என்றார் முதலாளி.

"அது பொய். இவரு புத்தகத்த அடுப்புல போட்டவரு."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அண்ணனுக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியிடம், "நல்ல பிள்ளையாப் பாத்து வேலைக்கு வச்சிருக்கீரு வே" என்றார். முதலாளி என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அந்த வரியை அடித்து முடித்தார். மறுநாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. டைப் அடிக்க வேறு ஆளில்லை.

பேனர் இப்போது பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. "அண்ணன்னா இப்படில்லா இருக்கணும்" என்று ஒருவர் படித்துவிட்டுச் சொன்னதை நானே கேட்டேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் கழற்றி, யாராவது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் படித்தவர்கள் மனதிலிருந்து அந்த வரியை யார் கழற்றுவார்கள்? அதனால்தான், மேடையேறிப் பேச வராத நான், இதை எழுதிக் கொடுக்கிறேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அதைச் சிரித்த முகத்தோடு சொல்ல அவர் பழகியிருந்தார். எனக்கு அது இன்னும் வரவில்லை. இந்த வருஷம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறேன். பயத்தோடுதான் போவேன்.

என்னை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தியது என் அப்பா. அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.