பிரேசர் டவுனுக்குப் போன பழத்தட்டு

ரூபேஷ் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு அது வாயில் நுழையவில்லை. தகப்பனைப் பெற்றவர் முனிசாமி, அவருக்கு மூத்தவர் ராஜப்பா, தாய் வழியில் பார்வதம்மா என்று பழைய பெயராகவே வந்த வம்சம் அது. அவன் அம்மா ஷோபாதான் பிள்ளை பெற்ற கட்டிலில் படுத்தபடியே இந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணன் செல்வமணி, "கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவ்ளோதான" என்று சொல்லி முடித்து வைத்தார். ரூபேஷின் அப்பா மனோகர் சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்கெலட்டன் என்கிற அந்தச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அந்த வீட்டு நல்லது கெட்டது எதுவும் தாய்மாமன் செல்வமணி வாய் திறக்காமல் நடந்ததில்லை.

பையன் டிரம்பெட் வாசிப்பான். ராபர்ட்சன்பேட்டையில் கிளமெண்ட் நடத்துகிற கல்யாண பேண்டில் அவனுக்குத்தான் முதல் வரிசை. இருபத்து நாலு வயது. கூட வாசிக்கிறவர்கள் பெண்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது தன் மனசு அந்தப் பக்கமே போவதில்லை, போவது வேறு பக்கம் என்பது பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் சினிமா எடுக்க வந்தார்கள். அதில் சௌந்தரராஜன் என்று ஒரு நடிகர். கதாநாயகன் இல்லை. அப்பா வேஷம், ஜட்ஜ் வேஷம் கட்டுகிறவர், ஐம்பது தாண்டிய ஆள். இந்தப் படத்தில் அவர் பழைய பேண்டுக்காரர். டிரம்பெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கிளமெண்டிடம் ஆள் கேட்டு வந்தார்கள், அவர் ரூபேஷை அனுப்பினார்.

முதல் நாளே அந்த மனுஷர் இவனை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். கிண்டலாக இல்லை. "இப்ப சரியா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, இவன் பதில் சொல்லும்வரை அப்படியே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிரம்பெட்டில் அழுத்துகிற கட்டைகளின் மேல் அவருடைய விரலைத் தூக்கி வைத்துவிட்டால், தன் கையை எடுக்க ரூபேஷுக்கு மனசு வராது. படப்பிடிப்பு முடிந்தும் அவர் விடவில்லை. "பாதில நிறுத்துனா எப்படி? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார். ஞாயிறுதோறும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரு கன்டோன்மென்டில் இறங்கி, பிரேசர் டவுனுக்குப் போய் வந்தான். அவன் கைக்காசில் புதுச் சட்டை வந்தது. செண்ட் பாட்டில் வந்தது. போனில் ஒரு போட்டோ வந்தது. அதில் ஒரு பக்கம் சௌந்தரராஜன், ஒரு பக்கம் இவன், நடுவில் அவருடைய மகள் சுனிதா. சாப்பிடும்போதும் அதைப் பார்ப்பான், படுக்கும்போதும் பார்ப்பான்.

ஷோபாவும் பார்த்தாள். நடுவில் நிற்கிற பெண்ணைத்தான் பார்த்தாள். அண்ணனிடம் போய்ச் சொன்னாள். பையன் கூச்சக்காரன், தானாகக் கேட்கமாட்டான், பெரியவர்கள் நாம்தான் முறைப்படி போகவேண்டும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அவனிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரூபேஷ் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காக ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கிளமெண்ட் வந்து முதுகில் தட்டினார்.

"இன்னாடா, சொல்லவே இல்ல. காலைல ஸ்டேஷன்ல உங்கம்மாவும் மாமனும் பூ பழம் தட்டெல்லாம் வச்சிக்கினு நின்னாங்க. யாருக்குன்னு கேட்டா உனக்குன்றாங்க. சினிமாக்காரர் பொண்ணாமே. பேண்டு நம்மளது தான?"

ரூபேஷ் கோட்டுப் பொத்தானைப் பாதியில் விட்டான். அம்மாவுக்குப் போன் போட்டான், அடித்து அடித்து நின்றது. அவன் முகத்தைப் பார்த்த கிளமெண்ட் அது வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். "ஒரு டிரம்பெட் இல்லன்னா இங்க கல்யாணம் நின்னுடாது, நீ போடா" என்றார். கோட்டைக் கழற்றவும் நேரமில்லாமல் பஸ் ஏறினான். வழி முழுக்க ஒரே நினைப்புதான். அந்தப் பெண் இல்லையென்றால் எதற்கு இத்தனை ஞாயிறு என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும். அம்மாவும் கையை விட்டுப் போவாள், சௌந்தரராஜன் சாரும் போவார். இனி எந்த வீட்டு வாசலிலும் ஏற முடியாது.

கதவைத் திறந்தது சுனிதா. சிவப்புக் கோட்டையும் கையில் இருந்த டிரம்பெட்டையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. மாப்பிள்ளையும் பேண்டும் ஒரே ஆளா வந்துட்டீங்க."

உள்ளே செல்வமணி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீப்பாயின்மேல் பூ, பழம், வெற்றிலை, ஒரு பட்டுப்புடவை. ஷோபா தலை குனிந்திருந்தாள். எதிரே சௌந்தரராஜன் லுங்கியோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி இருந்தார்.

"உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன் மாஸ்டர். சுனிதாவுக்கு ஹூப்ளில பேசி முடிச்சாச்சுன்னு. உங்களுக்குத்தான் தெரியுமே, வீட்ல சொல்லலியா?"

"தெரிஞ்சிருந்துமாடா?" என்றார் செல்வமணி.

ரூபேஷ் டிரம்பெட்டைக் கதவோரம் சாய்த்து வைத்தான். சௌந்தரராஜன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்தார். "பால் வச்சிருக்கேன், கொஞ்சம் உள்ள வாங்க" என்று சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

"சுனிதா இல்ல, அப்படித்தான?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவன் தலையாட்டினான்.

"எனக்குக் கொஞ்ச நாளாவே தோணுச்சு. டிரம்பெட் சொல்லிக் குடுக்க வர்றவர் எதுக்கு இவ்வளவு செண்ட் போடுறார்னு."

"நான் தப்பா ஒண்ணும் நடந்துக்கல சார்."

"தப்புன்னு யார் சொன்னா? எனக்கு அந்த மாதிரி இல்ல, அவ்வளவுதான். சுனிதாவோட அம்மா போயி நாலு வருஷமாச்சு, இன்னும் காலைல அவளுக்கும் சேத்துத்தான் டம்ளர் எடுத்து வைக்கிறேன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்ல சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். என் வாயிலேருந்து வராது."

அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அவர் துணி தேடித் தடுமாறி, கையைச் சுட்டுக்கொண்டு, "ஸ்ஸ்" என்று உதறினார். ரூபேஷ் அடுப்பை அணைத்தான். கண்ணாடி நெற்றியில் இருப்பதை மறந்துவிட்டு அடுப்பு மேடையில் தேடிக்கொண்டிருந்தார் அவர். திரையிலும் தூக்கத்திலும் பார்த்த ஆள் வேறு, இவர் வேறு என்று இருந்தது அவனுக்கு. அழுகை வரும் என்று நினைத்தான். வந்தது பெருமூச்சுதான். மைல் கணக்கில் ஊர்வலம் வாசித்துவிட்டு உதட்டிலிருந்து டிரம்பெட்டை எடுத்தால் முகமெல்லாம் ஒரு தளர்வு பரவுமே, அப்படி.

சாப்பிடாமல் அவர் யாரையும் விடவில்லை. சாயங்கால ரயிலில் மூன்று பேரும் திரும்பினார்கள். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் செல்வமணி ஆரம்பித்தார்.

"போனா போவுது. பங்காருப்பேட்டைல நம்ம சம்பந்தி வழில ஒரு பொண்ணு கீது. பழம் அழுகறதுக்குள்ள இதே தட்ட எடுத்துக்கினு போயி கேட்டுடலாம்."

இப்போது சொல்லாவிட்டால் தட்டு வீடு வீடாக ஏறி இறங்கும், யாரோ ஒரு பெண்ணின் தலையிலும் சேர்ந்து விடியும் என்று ரூபேஷுக்குப் பட்டது.

"மாமா, எந்தப் பொண்ணு வூட்டுக்கும் போவாதீங்க. எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போவாது. நான் அந்தப் போட்டோல பாத்துக்கினு இருந்தது சாரத்தான்."

ரயில் சத்தத்தில் ஷோபாவுக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னான்.

மாலூரில் வண்டி நின்றபோது ஷோபா கேட்டாள். "அந்தாளுக்குத் தல பூரா நரைச்சிக்கீதேடா."

"தெரியும்மா."

"உங்கப்பா இருந்திருந்தா அவரவிட சின்னவரு. ஊர் ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலியா உனுக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சிரிக்காத. நான் நெசமாத்தான் கேக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

செல்வமணி ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். டேகல் ஸ்டேஷன் தாண்டியதும் ஆரம்பித்தார். "எங்கப்பா கூட சுரங்கத்து ஷாஃப்டுல எறங்கினவங்க ரெண்டு பேரு, ஏகாம்பரம், சின்னப்பன்னு. ஒரே வூடு, ஒரே அடுப்பு. ரெண்டு பேரையும் சித்தப்பான்னுதான் கூப்புட்டோம். யாரும் இன்னா ஏதுன்னு கேக்கல." தங்கை பக்கம் திரும்பினார். "கேக்கறவங்களுக்கு, அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே பேசி முடிச்சிட்டாங்கன்னு சொல்லு. பொய் இல்லியே அது." பிறகு தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, ரூபேஷின் சிவப்புக் கோட்டில் துடைத்து அவனிடம் நீட்டினார்.

எல்லாம் அன்றைக்கே நேராகிவிடவில்லை. ஷோபா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. செல்வமணி தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெண் பார்க்கிற பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை. அந்தப் பட்டுப்புடவையை ஷோபாவே கட்டிக்கொண்டு சுனிதாவின் கல்யாணத்துக்கு ஹூப்ளி போய் வந்தாள். அங்கே பேண்டில் ரூபேஷ் வாசித்தான்.

ரூபேஷ் இப்போது மைசூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசிக்கிறான். மாதத்தில் இரண்டு நாள் ஸ்கெலட்டனுக்கு வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போகிறான்.